திரிக்கு ஒரு நெருப்பு

பீடியை விட்டுவிடுவது என்று கிணற்று மேட்டில் நின்று கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தபோது, வெடித் திரியை இனி எதைக் கொண்டு பற்ற வைப்பது என்ற கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது வருடமாகக் கிணறு வெட்டுகிறவர்கள். பாறையில் எங்கே குழி போட்டால் எந்தப் பக்கம் பிளக்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இது மட்டும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முருகையனுக்கு அந்தப் பாடு வந்திருக்காது. வந்ததும் ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்று இப்போது அவன் சொல்கிறான். படும்போது அப்படிச் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை. பாடாலூருக்கு மேற்கே வீரமுத்து என்பவரின் காட்டில் பழைய கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. இரண்டு வருடம் மழை ஏமாற்றியதில் அறுபதடிக் கிணற்றில் தவளை நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கிணறு வெட்டும் அங்கமுத்துவின் செட்டு ஆளும் கிரேனுமாக வந்து இறங்கியது. கிரேன் ஓட்டுவது அங்கமுத்து; செட்டு அவருடையது. மேலே வரும் கல்லை வாங்கிக் கொட்டும் பெண்களுக்கு அவர் மனைவி உண்ணாமலை தலைவி. உண்மையைச் சொன்னால் செட்டுக்கே அவள்தான் தலைவி. அங்கமுத்துவுக்கும் அது தெரியும். ஏலாக்குறிச்சிக்காரன் மரியசூசை கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போடுவான். முப்பது வயதுதான் இருக்கும், வேலை சுத்தம். அவன் போட்ட குழிகளில் வெடிமருந்தைத் திணித்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு, அது வெடிப்பதற்குள் மேலே ஏறி வந்துவிடுவது முருகையன் வேலை.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். வெடிக்கும்போது கல் தெறித்துக் கம்பிக் கயிறு அறுந்துவிடும் என்பதால் கிரேனின் கையை முன்பே அப்பால் திருப்பி வைத்துவிடுவார் அங்கமுத்து. அடியில் இருப்பவன் இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். திரி மூன்று நிமிடம் தாங்கும். நல்ல மூச்சு இருப்பவனுக்கு அது தாராளம். முருகையனுக்கு நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதில் பிடித்த பீடி, நாளைக்கு இரண்டு கட்டு. போதாததற்குப் பாறைத் தூசி.

வேலை தொடங்கிய முதல் வாரமே அது நடந்தது. ஒன்பது திரியையும் பற்ற வைத்துவிட்டு ஏறி வந்தவன், நாற்பதாவது அடியில் நின்றுவிட்டான். இருமல் பிடித்துக்கொண்டது. காலை எடுத்து அடுத்த படியில் வைக்க முடியவில்லை. கீழே ஒன்பது திரியும் புஸ்ஸென்று எரிகிறது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் பிள்ளைகளை நினைத்துக்கொண்டான். அங்கமுத்துவும் மரியசூசையும் தடதடவென்று இறங்கி, ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி மேலே போட்டார்கள். மூன்று பேரும் மண்ணில் குப்புற விழுந்த பிறகுதான் முதல் வெடி வெடித்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு தூசி ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம். ரெண்டும் சேந்தா தாங்காது. ஒண்ணையாவது விடுங்க" என்றார். தூசியை விட்டால் சோறு இல்லை. பீடியைத்தான் விட வேண்டும்.

அங்கமுத்து சுற்றி வளைக்காமல் சொன்னார். "முருகையா, இந்தக் கெணத்துல தண்ணி வர்ற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு மூச்சுல ஏணி ஏறிட்டியன்னா திரி ஒனக்குத்தான். இல்லன்னா வேற ஆள் போட்டுட்டு ஒன்ன மேல கல்லு பொறுக்க வுட்டுருவேன். ராசாத்தி மூஞ்சியில முழிக்க என்னால ஆவாதுப்பா."

ராசாத்தி என்பது முருகையனின் மனைவி. திரி வைக்கிறவனுக்குச் செட்டில் ஒரு மரியாதை உண்டு. அவன் மேலே வரும்வரை அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தை விட்டுக் கல் பொறுக்கப் போவது என்றால் முருகையனுக்கு உயிரே போகிற மாதிரிதான்.

தனியாக விட வேண்டாம், ஆண்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து விட்டுத் தொலையுங்கள் என்றாள் உண்ணாமலை. கிணற்றோரம் ஏழு கல்லாக நட்டிருந்த கன்னிமாருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். அங்கமுத்து அடித்தார், முருகையன் அடித்தான். மரியசூசை ஏற்கெனவே விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க அடைக்கல மாதாகிட்ட ஒங்களுக்காக நானும் ஒண்ணு வேண்டிக்கிறேண்ணே" என்றான்.

முதல் நான்கு நாள் நரகம். கை நமநமவென்றது. டீ குடித்தால் வாய் தானாக எதையோ தேடியது. உண்ணாமலை சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த வறுகடலையை ஒவ்வொரு கையாக அளந்து கொடுத்தாள். பத்தாம் நாள் வந்தபோது முருகையன் ஏணியில் இரண்டே தடவைதான் நின்றான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மேல சோப்பு வாசன அடிக்குது" என்று அதிசயமாகச் சொன்னாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளுக்கு அது புதுச் செய்தி.

இத்தனை நாளும் திரியைத் தீக்குச்சியால் பற்ற வைத்து வந்தான். ஒரு திரிக்கு ஒரு குச்சி, சில சமயம் இரண்டு குச்சி. முன்பெல்லாம் ஒரே பீடி ஒன்பதுக்கும் போதும்; கனலும் நுனியைத் திரியின் வாயில் வைத்து ஒற்றினால் ஆயிற்று. பதினோராம் நாள் பாறையில் ஈரம் கண்டது. பக்கச் சுவரிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. மேலே எல்லாருக்கும் சந்தோஷம். கீழே முருகையனுக்குத் தீப்பெட்டி நமுத்துப் போனது. குச்சியைக் கிழித்தால் மருந்து மட்டும் பிசுபிசுவென்று கழன்று வந்தது. இரண்டு திரி பிடித்து, மூன்றாவது பிடிக்காமல், எரிகிற இரண்டையும் அறுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே வந்தான். அன்றைய வெடி தள்ளிப் போனது. அங்கமுத்துவின் முகம் தொங்கிப் போயிற்று.

மறுநாள் ரோட்டோரப் பெட்டிக்கடையில் ஒரு கட்டு பீடி வாங்கினான். இழுப்பதற்காக அல்ல. வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு திரியைப் பற்ற வைக்கத்தான். ஊதுவத்தியைப் பிடிப்பதில்லையா, அது மாதிரி. இப்படித் தனக்குத்தானே நல்லபடியாகச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினான். வாயில் வைக்காமலே தீக்குச்சியில் காட்டி ஒருவழியாகப் பற்ற வைத்தான். முதல் திரி பிடித்தது. இரண்டாவதற்குள் பீடி அணைந்துவிட்டது.

பீடி குடித்தவர்களுக்கு இது தெரியும். இழுக்க இழுக்கத்தான் அது எரியும். பேசிக்கொண்டே கையில் வைத்திருந்தால்கூட அணைந்துவிடும். முப்பது வருடம் குடித்த முருகையனுக்குத் தெரியாததா? தெரிந்தும் தெரியாதது போல இருக்க மனிதனுக்கு எவ்வளவு சாமர்த்தியம்! கீழே ஒரு திரி எரிந்துகொண்டிருக்கிறது, நின்று யோசிக்க நேரமில்லை. வாயில் வைத்து இழுத்தான். ஒரே இழுப்பு. அந்தப் புகை உள்ளே இறங்கியபோது ஊரை விட்டுப் போன சொந்தக்காரன் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னான். ஒன்பது திரிக்கும் ஒன்பது இழுப்பு. அன்று மேலே வந்ததும், கன்னிமார் கல்லைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

விழுந்தது அன்றைக்கு. அடிபட்டது அதற்கடுத்த நாட்களில். கற்பூரத்தில் அடித்த சத்தியம் இருந்தால் முழுசாக இருக்கும், இல்லையென்றால் இல்லை. பாதிச் சத்தியம் என்று ஏது? மீறியாகிவிட்டது. இனி ஒன்று குடித்தால் என்ன, ஒரு கட்டு குடித்தால் என்ன, போனது போனதுதான் என்று அவன் மனது கணக்கு முடித்துவிட்டது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் நான்கு, ஐந்தாம் நாள் பத்து. எல்லாம் கிணற்றடியில், வேலை என்ற பெயரில். மேலே வருவதற்கு முன் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்வான். ஏணியில் மறுபடியும் மூன்று இடத்தில் நின்றான். யாரும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் ஒன்பது குழி. முருகையன் ஏறி வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தான். எல்லாரும் வாய்க்குள்ளே எண்ணினார்கள். எட்டு வெடித்தது. ஒன்பதாவது வரவில்லை.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரம் வேறில்லை. வெடிக்காத குழி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு ஒருவன் இறங்கிப் பார்க்க வேண்டும். அது திரி வைத்தவன் வேலை. கல் சரிந்து கிடந்தால் பிடித்துக்கொள்ள இன்னொருவனும் உடன் போக வேண்டும். நேரம் ஆனதும் மரியசூசை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "வாங்கண்ணே, நானும் வரேன்."

முருகையன் ஓடிப்போய் ஏணியை மறித்துக்கொண்டான். கன்னிமார் கோபம் தன்னோடு போகட்டும், இந்தப் பையனை எதற்கு இழுக்க வேண்டும்? இரண்டு கைக்குழந்தை வைத்திருப்பவன்.

"நீ வராத, சூசை! யாரும் எறங்காதீங்க!" என்று கத்தினான். "நாந்தான் சத்தியத்த மீறிட்டேன். ஆறு நாளா உள்ள குடிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்குத்தான் இது. நான் மட்டும் போயிட்டு வரேன்."

சொன்ன கையோடு அவன் இறங்கிவிட்டான். ஒவ்வொரு படிக்கும் ராசாத்தி, ராசாத்தி என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். அடியில் கல்லைப் புரட்டிப் பார்த்தால் ஒன்பதாவது திரி அப்படியே கிடந்தது. வாயில் கொஞ்சம் கருகியிருந்தது, அவ்வளவுதான். பற்றவே இல்லை. கடைசித் திரிக்கு வருவதற்குள் பீடி அணையும் தறுவாயில் இருந்திருக்கிறது. அது பற்றியதா என்று பார்க்காமல், பீடி அணைவதற்குள் தனக்கென்று ஒரு இழுப்பு இழுத்துவிடும் அவசரத்தில் திரும்பி ஏணியைப் பிடித்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால், சொன்ன பேச்சைக் கேட்காமல் மரியசூசை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனும் திரியைப் பார்த்தான்.

"கன்னிமார் ஒண்ணும் பண்ணலண்ணே. பீடிதான் பண்ணியிருக்கு" என்றான்.

மேலே வந்து நடந்ததைச் சொன்னதும் அங்கமுத்து பிடித்துக்கொண்டார். "ஒன் பொகைக்கு என் செட்டு ஆளுவோ உசுரா? ஒரு வார்த்த சொல்லப்படாதா? தீப்பெட்டி நமுத்துப் போச்சு, பீடி வேணும்னு சொன்னா நான் என்ன ஒன்ன கடிச்சா தின்னுடுவேன்?"

அவர் கோபம் நியாயம்தான். முருகையன் தலையைக் குனிந்துகொண்டான். உண்ணாமலைதான் குறுக்கே வந்தாள்.

"போதும், நிறுத்துங்க. இவரு பெரிய யோக்கியம். நாலாம் நாளே டீக்கடைக்குப் பின்னால நின்னு ஊதுன ஆளு."

அங்கமுத்துவின் குரல் பாதாளத்துக்கு இறங்கியது. "ஒண்ணே ஒண்ணுடி. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"எனக்கு மூக்கு இல்லையா? தம்பி வெத்தல போட்டா மட்டும் எனக்குத் தெரியாதா? தானா வாயத் தொறக்கட்டும்னு இருந்தேன். அது என் தப்பு."

முருகையன் அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, கிணற்று மேட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "சாமி சத்தியம் போயிருச்சு அண்ணி. இனிமே விட்டு என்ன, விடாம என்ன?"

மரியசூசை பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அண்ணே, நான் விட்டது அஞ்சாவது தடவ. நாலு தடவ வுழுந்தவன். எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு உண்டு. போயி, இத்தன தடவ செஞ்சேன்னு உள்ளத சொல்லிட்டு, மறுபடி ஆரம்பிக்கிறதுதான். சாமியாரு ஒவ்வொரு தடவையும், 'வா சூசை, இந்தத் தடவ எத்தன நாளு இருந்த?'ன்னுதான் கேப்பாரு. வுழுந்தத கேக்கவே மாட்டாரு. நீங்க பதினோரு நாள் இருந்தீங்கல்ல? அந்தப் பதினோரு நாள எந்தச் சாமி வந்து புடுங்கிக்கிட்டுப் போச்சு?"

முருகையன் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

"கன்னிமார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் உண்ணாமலை. "அவளுவளும் பொம்பளைங்கதான். ஒரு தேங்கா கூட ஒடச்சா புரிஞ்சுக்குவாளுவ. ஆனா தம்பி, இனிமே மறைக்கப்படாது. குடிச்சா குடிச்சேன்னு சொல்லிப்புடணும்."

சரி, திரிக்கு என்ன செய்வது? எல்லாரும் யோசித்தார்கள். ஊதுவத்தி என்றாள் ஒருத்தி. சொட்டுத் தண்ணியில் நிற்காது. அங்கமுத்து திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டார். "பெட்டிக்கடையில தொங்குதே, கயிறு!"

சிரிப்பு வெடித்தது. கடைக் கம்பத்தில் எந்நேரமும் கனிந்துகொண்டே தொங்கும் தேங்காய் நார்க்கயிறு. இழுக்க வேண்டாம், ஊத வேண்டாம், தானாகவே கனியும். இவர்கள் வாழ்நாளெல்லாம் அந்தக் கயிற்றில்தான் பீடி பற்ற வைத்திருக்கிறார்கள். அது வேறெதையும் பற்ற வைக்கும் என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை. மறுநாளே தடித்த கயிறு ஒன்று வந்தது. மருந்தெல்லாம் திணித்து முடித்து மற்றவர்கள் மேலே வந்த பிறகு, கனிகிற கயிற்றை ஒரு தகர டப்பாவில் வைத்து அங்கமுத்துவே கீழே இறக்கினார். ஒன்பது திரியும் பிடித்தது, ஒன்பதும் வெடித்தது.

அதன்பிறகு சாயங்காலம் கஞ்சி குடிக்க உட்காரும்போது மரியசூசை கேட்பான். "இன்னைக்கு எப்புடிண்ணே?" முருகையன் உள்ளதைச் சொல்ல வேண்டும். சொன்னதற்கு யாரும் திட்டக் கூடாது, இது உண்ணாமலை போட்ட சட்டம். முதல் வாரம் ஒரே ஒரு தடவை தவறியது. மச்சினன் வீட்டு விசேஷத்தில் இரண்டு குடித்துவிட்டு வந்தான். வந்து சொன்னான்.

"ரெண்டோட நிறுத்திட்டீங்களா? எப்புடி நிறுத்துனீங்க?" என்று கேட்டான் மரியசூசை.

முருகையன் யோசித்தான். "ஒங்கிட்ட வந்து சொல்லணுமேன்னு நெனச்சேன். மூணாவது எடுக்க மனசு வரல."

"நாளைக்கு எந்நேரம் கஷ்டமா இருக்கும்?"

"டீ குடிச்ச ஒடனே."

"அப்ப டீ குடிச்ச ஒடனே எங்கூட வந்து கம்ப்ரசருக்குத் தண்ணி ஊத்துங்க. குடம் தூக்குற கையால பீடி புடிக்க முடியாது."

இவ்வளவுதான் வைத்தியம். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. முருகையன் குடம் தூக்கினான், வறுகடலை தின்றான், ராசாத்தியிடம் நடந்ததை எல்லாம் சொன்னான். அங்கமுத்துவும் அந்த ஒண்ணே ஒண்ணுக்குப் பிறகு ஒழுங்காக இருந்தார். டீக்கடைப் பக்கம் போனால் உண்ணாமலையின் மூக்கு ஞாபகம் வந்துவிடும். நாட்கள் போகப் போக ஏணியில் மூன்று நிறுத்தம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒருநாள் நிற்காமலே மேலே வந்தான். வந்தவன் ஏதோ மறந்துவிட்டவன் போலக் கீழே திரும்பிப் பார்த்தான்.

எழுபத்திரண்டாவது அடியில் தண்ணீர் பீறிட்டது. சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்தது. வீரமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முறைப்படி செட்டு ஆட்களை வரிசையாக நிற்க வைத்துத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புதுத் துண்டு வைத்துக் கொடுத்தார். ஆண்களுக்கு அதன் மேலே ஒரு சிகரெட் பாக்கெட்டும் இருந்தது. பீடி ஆட்களுக்குச் சிகரெட் வைத்துக் கொடுப்பது பெரிய மரியாதை. அங்கமுத்துவின் கை பாதி தூரம் போய், உண்ணாமலை தொண்டையைக் கனைத்ததும் பழத்துக்குத் திரும்பியது. முருகையன் பாக்கெட்டை எடுத்துப் பணிவாக வீரமுத்துவின் கையிலேயே வைத்தான். "துண்டும் பழமும் போதுங்க. நாங்க இப்ப அது குடிக்கிறதில்லீங்க." நாங்க என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அங்கமுத்து சொன்னார். "அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். எம்பதடியாம். திரி யாருன்னு கேட்டாங்க. முருகையன்னு சொல்லிட்டேன். என்னப்பா, ஏறிடுவியா?"

முருகையன் தலையை ஆட்டினான். கிணறு வெட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. அது மேடையில் மாலை போட்டுக்கொண்டு சொல்கிற வார்த்தை. ஆனால் அவனுக்கு அன்று வேறு வார்த்தை கிடைக்கவில்லை. தான் மீறியது தெரிந்தும் கூடவே இறங்கி வந்தவனையும், நாற்றம் தெரிந்தும் பொறுத்திருந்தவளையும், ஏசிவிட்டுக் கயிறு கொண்டு வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கூப்பினான்.

"ஒங்க மூணு பேருக்கும் நன்றிங்க" என்றான்.

உண்ணாமலை, "அய்யய்யோ, தம்பிக்கு மைக்கு ஒண்ணு கொண்டாங்கடி!" என்றாள். மரியசூசை கை தட்டினான். "தலைவர் அடுத்து சீட்டு கேப்பாருண்ணே" என்றான் அங்கமுத்துவிடம். செட்டு முழுக்கச் சிரித்தது. முருகையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நெஞ்சில் கையை வைத்து, இருமலுக்காகக் காத்திருந்தான். மற்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்கள்.

இருமல் வரவில்லை.